சிவப்புக் கட்டங்கள்

ஐப்பசி 12, புதன்கிழமை, இரவு

என் பெண்டாட்டி செல்வியின் ரத்தப் புற்றுநோய்க்கு எடுத்த ஜீன் பரிசோதனை ரிப்போர்ட்டை இன்று வேலூர் ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்தார்கள். கடைசிப் பக்கம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள். அவள் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் கட்டத்தாள் மாதிரியே இருந்தது. அதில் ஜரிகை வரும் இடத்தைச் சிவப்பால் நிரப்புவாள்; சிவப்பு கூடக் கூடப் புடவை உசத்தி. அந்தப் புத்தியில், "பாரு, சிவப்புதான் நிறைய. நல்லா ஆயிகினு வருது" என்று சொல்லித் தொலைத்தேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு சிரித்தாள்.

அப்புறம் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "சிவப்புன்னா அந்த ஜீனுங்க அளவுக்கு மீறி வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்க. இப்படி இருக்கறவங்களுக்கு நோய் மருந்துல அடங்கினாலும் சீக்கிரமே திரும்பி வர்றதுதான் அதிகம்" என்றார்.

வெளியே வந்ததும், "இன்னா சொன்னாரு?" என்றாள்.

"நான் சொன்னதையேதான் சொன்னாரு" என்றேன். நாக்குக் கூசவில்லை.

பஸ் கண்ணமங்கலம் தாண்டியும் அந்தத் தாளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாப்பிட்டதும் மறுபடி எடுத்தாள். படுக்கப் போகும்போது கேட்டாள்:

"ஏங்க, மிச்சம் இருக்கற பச்சையும் எப்போ சிவப்பாவும்?"