அப்பா எழுதச் சொல்லாத வரி

ஆம்பூர்
5.12.2002

அன்புள்ள ஜெர்சன் அண்ணாவுக்குத் தங்கை ஃபீபி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் சுகம், வலது கையைத் தவிர அப்பாவும் சுகம். பெங்களூரில் நீயும் உன் கீபோர்டும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இதனுடன் இருக்கும் கடிதம் அப்பாவுடையது. போன வாரம் கம்பெனியில் தோல் வெட்டும் மிஷினில் கை மாட்டி இரண்டு விரலில் தையல், அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். காலையில் கட்டு மாற்றப் போகும்போது அவரே ஒட்டித் தபாலில் போடுவார். அதற்குள் இந்தத் தாளை உள்ளே வைத்துவிட வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா இருமினாலே தாளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்கிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஈஸ்டர் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. உன் ராக் பேண்ட் நிகழ்ச்சி முடிந்து நீ பஸ்ஸை விட்டுவிட்டாய், இங்கே விடியற்கால ஆராதனையில் பாடகர் குழு முழுவதும் உனக்காகக் காத்திருந்தது. கடைசியில் அப்பா கீபோர்டு இல்லாமலே பாட்டைத் தொடங்கினார், ரொம்ப மேலே தொடங்கிவிட்டார், இரண்டாம் சரணத்தில் யாருக்கும் குரல் எட்டவில்லை. அந்த வெட்கம்தான் அண்ணா. இன்று அப்பாவின் கம்பெனி நண்பர் முக்தார் அகமது பாய் வந்து, பெங்களூரில் உன் போஸ்டரைப் பார்த்ததாகச் சொல்லி, "பையன் பெரிய ஆளாய்ட்டான் ஜெயகரன், முடிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சாயங்காலமே என்னை எழுத உட்கார வைத்தார். நடுவில், "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க வேணாம்னு எழுது" என்றார். நான் எழுதவில்லை. அந்த இடத்தில் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னபோது அவர் சொன்னதையே படிப்பதுபோலச் சொன்னேன். காலையில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் நான் தொலைந்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போன கேரல் ரவுண்ட்ஸ் உனக்கு நினைவிருக்கிறதா? மினி லாரி பேட்டரியில் உன் கீபோர்டு. கமலம் அத்தை வீட்டு வாசலில் கீர்த்தனைக்கு நடுவே நீ டிரம் பீட்டைத் தட்டிவிட்டாய், "இன்னாடா இது, கல்யாண ஊர்வலமா?" என்று அத்தை திட்ட, அப்பா இருட்டுப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். மழை வந்ததும் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கீபோர்டுக்குப் போர்த்தினார். அடுத்த மாதம் கம்பெனியில் மிஞ்சிய தோல் துண்டுகளை வாங்கி வந்து உன் கீபோர்டுக்கு அந்தப் பையைத் தைத்தார். ஒரே நிறம் கிடைக்காமல் பாதி கறுப்பு, பாதி பழுப்பு. காட்பாடியில் முதல் போட்டிக்கு அதைத் தூக்கிப் போனபோது, "மச்சான், உன் கீபோர்டு மாட்டு வாசனை அடிக்குதுடா" என்று நண்பர்கள் ஓட்டியதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பரிசோடு வந்தாய். அப்பா கோப்பையைப் பார்க்கவில்லை, பையைத்தான் துடைத்துத் துடைத்து வைத்தார்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதத்தை மடித்த பிறகு அப்பா, "அந்தப் பையில ஓரத்துல தையல் பிரிஞ்சி இருந்திச்சே, தச்சானா இல்லியா? மழையில நனைஞ்சா கீபோர்டு போய்டும்" என்றார். அதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம், சும்மா கேட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதச் சொன்னதை விட்டுவிட்டேன், வேண்டாம் என்றதை இந்தத் தாளில் எழுதிவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

இருபத்தொன்றாம் தேதி கேரல் ரவுண்ட்ஸ். அதற்குள் அப்பாவின் கை ஆறிவிடும். முடி வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, கட்டிக்கொண்டு வா. வந்து எதுவும் பேசாதே, பையை அவர் மடியில் வை. பிரிந்த இடத்தை நீ தைத்துவிடாதே, அப்படியே கொண்டு வா.

வழியெல்லாம் கர்த்தர் உன்கூட வரட்டும். இந்தத் தாளை மறக்காமல் கிழித்துவிடு.

உன் அன்புத் தங்கை,
ஃபீபி