நாதன் கேட்ட பெல்ட்

ஜூலை 8, செவ்வாய்

நாதன் ஃபேக்டரிக் கூரையிலிருந்து விழுந்து இறந்து எட்டு நாள். சுங்கை பினாங்கில் அவன் வீட்டில் இன்றும் நான்தான் ஜெபமாலை சொன்னேன். முப்பதாம் நாள் வரை தினமும் ஏழு மணிக்கு. "வில்லியம் தம்பி சொன்னாத்தான் சொன்ன மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அமலம்மாள் அக்கா. வழக்கமாக இதற்கெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இன்று அவர்கள் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் மனைவி பெவர்லி மட்டும் ஜெபத்தில் வாயே திறக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஃபேக்டரியிலிருந்து பெவர்லிக்குக் கடிதம் வந்திருக்கிறது. பாதுகாப்பு பெல்ட் கொடுத்தும் போடாமல் கூரை ஏறினானாம். அவனுடைய கவனக்குறைவாம்.

"அண்ணே, ஸ்டோர் உங்க பொறுப்புதானே. அவருக்கு பெல்ட் குடுத்தீங்களா?"

"ரெஜிஸ்டர் பாத்துத்தான் சொல்லணும்மா."

பார்க்க என்ன இருக்கிறது? எழுதினவனே நான்.

ஜூலை 11

இங்காவது எழுதிவிடுகிறேன். கூரை ஏறுவதற்கு முன் நாதன் வந்து பெல்ட் கேட்டான். இருந்த இரண்டு பெல்ட்டும் நைந்துபோய் நானே கழித்துப் போட்டவை. புதுசு வரவில்லை. "பத்து நிமிஷ வேலதானே, ஏறிட்டு இறங்குடா" என்றேன் — நான்தான் சொன்னேன். அவன் விழுந்த பிறகு மேனேஜர் வந்து, பெல்ட் கொடுத்ததாக எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்தும் கோயிலில் முழங்காலில் கிடந்தேன். ஆண்டவரே, பெவர்லிக்கு ஆறுதல் கொடும், ஆறுதல் கொடும் என்று. அவள் எங்கே ஆறுதல் கேட்டாள்? அவள் கேட்டது ஒரு பதில். அதையும் என்னிடம்தான் கேட்டாள். ஆண்டவரை எதற்கு நடுவில் இழுக்கிறேன்?

வீட்டுக்கு வந்து மோனிக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "வேல போயிரும்லா. ஐம்பத்தி நாலு வயசுல உங்கள யாரு எடுப்பா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

ஜூலை 15

காய்ச்சல் என்று சொல்லி ஜெபத்துக்குப் போகவில்லை. பொய்க்கு மேல் பொய்.

ஜூலை 16, புதன்

செபராங் ஜெயாவுக்குப் போய், விபத்தை விசாரிக்கும் அதிகாரி காமாரியாவிடம் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். "ஏன் இத்தனை நாள்?" என்று கேட்டார்.

நேரே பெவர்லியிடம் போனேன். "ஏறிட்டு இறங்குடா" என்றதையும் மறைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 17, வியாழன்

நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார் மேனேஜர்.

ஏழு மணிக்கு எந்த முகத்தோடு போவது? போனேன். வாசலிலேயே நின்றேன். முன்னால் என் இடத்தில் பெவர்லி உட்கார்ந்திருந்தாள், கையில் ஜெபமாலையோடு.

"பின்னால உக்காருங்கண்ணே. இன்னிக்கு நான் சொல்றேன்."

ஜெபமாலையில் வரும் பரலோக மந்திரத்தில் முதல் பாதி முன்னால் இருந்து சொல்பவருக்கு. மன்னிப்புக் கேட்கும் பாதி பின்னால் இருப்பவர்களுக்கு. இத்தனை நாளும் அந்தப் பாதியை நான் சொல்லவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. பெவர்லி தன் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். எல்லோரோடும் நானும் ஆரம்பித்தேன், நடுவில் குரல் உடைந்து நின்றுவிட்டேன். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். அவள் அடுத்த ஜெபத்தைத் தொடங்கவில்லை. நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை, திரும்பிப் பார்க்காமல், ஜெபமாலை மணியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.