அரைச்சுரம் மேலே

மார்ச் 9, சனி

சோற்றுக் குக்கர் ஏன் இன்று 'டோ'வில் பாடியது?

எட்டு வருடமாக அரிசி வெந்ததும் அது பாடும் மெட்டு 'சி'யில்தான் தொடங்கும், டோ ரே மி வரிசையின் கடைசிச் சுரத்தில். இன்று காலைதான் கவனித்தேன், அரைச்சுரம் மேலே, அடுத்த 'டோ'. இயந்திரம் பழசானால் சுருதி இறங்கலாம். ஏறுமா?

மகரந்தக் காலம். மூக்கு அடைத்து, காதும் பஞ்சு வைத்தாற்போல இருக்கிறது. அதனால் இருக்கலாம். ஆனாலும் பஞ்சு ஒலியைக் குறைக்கும், சுரத்தின் பெயரை மாற்றாது. எனக்கு எந்த ஒலியும் பெயரோடுதான் வரும். மூன்று வயதில் அம்மா பியானோவைத் தட்டுவாள். ஒலிக்கேற்ப நான் சிவப்புக் கொடியோ மஞ்சள் கொடியோ தூக்க வேண்டும். தப்பாகத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து. அப்படி வந்த காது. உப்பை வாயில் போட்டு யாரும் யோசித்தா உப்பு என்கிறார்கள்?

மார்ச் 10

ரயில் புறப்படும்போது நிலையத்தில் போடும் மெட்டும் ஏறியிருக்கிறது. குக்கரும் ரயில்வேயும் கூடிச் சதி செய்ய வாய்ப்பில்லை.

மார்ச் 14, வியாழன்

ஏப்ரல் ஐந்தாம் தேதி எங்கள் இசைக் கல்லூரியில் கல்வியாண்டுத் தொடக்க விழா. அரங்கத்துப் பியானோவுக்குச் சுருதி கூட்ட குசாகா-சான் வந்திருந்தார். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன்.

"குசாகா-சான், இது ஏறியிருக்கு."

"எவ்வளவு?"

"அரைச்சுரம்."

அவர் பியானோவுக்குள் இருந்து தலையை எடுத்தார். "அரைச்சுரமா? அவ்வளவு இழுத்திருந்தா கம்பி அறுந்து என் மூஞ்சியில அடிச்சிருக்கும் டீச்சர். பாருங்க, மூஞ்சி அழகா இல்லன்னாலும் முழுசா இருக்கு."

இசைக்கவையைத் தட்டி மரத்தில் ஊன்றினார். அதுவும் ஏறித்தான் கேட்டது. சொன்னேன்.

"கவையுமா? இது எஃகு டீச்சர். மனசு மாறாது."

சிரிக்க முயன்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மறுபடி தலையை உள்ளே விட்டுக்கொண்டார். நல்ல மனிதர்.

மார்ச் 18, திங்கள்

காது மருத்துவர். ஒலிபுகாத அறையில் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்கும் திறனில் குறை இல்லையாம். என்னைப் போன்ற காது உள்ளவர்களுக்கு ஐம்பதை ஒட்டி இப்படி ஆவதுண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் அவரிடம் வந்திருக்கிறார்களாம்.

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"ஒருத்தர் அழுதார். இன்னொருத்தர் பழகிட்டார்."

மூக்குக்கு மட்டும் சொட்டு மருந்து எழுதினார். கிளம்பும்போது, "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார், அட்டையில் எழுதிக்கொள்ள. தெரியாது என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், தபால் நிலையத்துக்கு எதிரில், நின்றுவிட்டேன்.

பிப்ரவரி பதினாறு. சலுகைத் தேர்வு. அந்தப் பெண்.

மார்ச் 22, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே சாக்குச் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு ஒரே ஒரு மாணவருக்கு முழுக் கட்டணச் சலுகை. அதற்கான கடைசிச் சுற்று, பார்த்துப் பாடுதல். நிறுவனர் வைத்த விதி: தொடக்கச் சுரம் தரக்கூடாது. தாளைப் பார்த்து, காற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தது சரியா என்று தேர்வாளர் தம் காதால் சொல்வார். இரண்டு பேர் இருக்க வேண்டும். அன்று மற்றவருக்குக் காய்ச்சல். "மினொபே-சான் இருந்தா ரெண்டு பேர் இருக்கிற மாதிரி" என்றார் முதல்வர் இசோகாய். மறுக்காமல் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் பெருமை கூட.

பாட வந்தவர்கள் இருவர். ஷிரோமிசு என்ற பையன். மியாகோ பக்கத்துத் துறைமுகத்திலிருந்து வாகுயா ஹொனாமி என்ற பெண். சலுகை கிடைக்காவிட்டால் சேர இயலாது என்று அவள் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். பாடல் 'மி'யில் தொடங்குவது. பையன் 'மி' எடுத்தான். முழு மதிப்பெண். பெண் 'ஃபா' எடுத்தாள். "முழுதும் அரைச்சுரம் மேலே" என்று அவள் தாளில் எழுதினேன். என் கையெழுத்து அன்று மிகத் தெளிவாக இருக்கிறது.

இன்று ஒலிப்பதிவை வாங்கி வந்தேன். கிட்டாரில் மாட்டும், சுருதி காட்டும் முள் கருவி ஒன்றும் வாங்கினேன். கடையில் முதல் வருட மாணவர்கள் இருந்தார்கள். ஏதோ தகாத பொருள் வாங்குகிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெண்: முள் 'மி'யில் நின்றது. பாடலின் பதினாறு தாளக் கட்டத்திலும் சுருதி விலகவில்லை.

பையன்: அரைச்சுரம் கீழே.

பதிவில் என் குரலும் இருக்கிறது. "சரியான சுரம்தானா? இன்னொரு தடவை யோசி."

அவள்: "யோசிச்சேன். இதுதான்."

நான்: "ம்."

மார்ச் 23

முள்ளையே சோதித்தேன், இசைக்கவை வைத்து. முள் சரி.

மார்ச் 26, செவ்வாய்

முதல்வர் அறை. சொன்னேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், கோப்பை நிரம்பிய பிறகும்.

"நான் கேக்கல மினொபே-சான். நீங்க சொன்னது எதுவுமே என் காதுல விழல."

"விழுந்துச்சு."

"அறிவிப்பு போட்டாச்சு. ஷிரோமிசு பையன் விழாவுல உறுதிமொழி வாசிக்கணும், மனப்பாடம் பண்ணிட்டிருக்கான். அவன் என்ன தப்பு பண்ணினான், சொல்லுங்க."

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் கஷ்டம்.

"இதை எழுத்துல கொடுத்தா உங்க இருபத்துமூணு வருஷ மதிப்பெண்ணும் கேள்விக்கு வரும். எத்தனை பிள்ளைங்க, யோசிச்சீங்களா? சில பேர் கடிகாரத்தை அஞ்சு நிமிஷம் கூட்டி வச்சுக்கறதில்லையா? அந்த மாதிரிதான். அரைச்சுரம் கழிச்சுக் கேளுங்க. விழாவுலயும் அப்படியே. யாருக்குத் தெரியப் போகுது?"

விழாவில் கல்லூரிப் பாட்டு. முதல் பத்திக்கு வாத்தியம் கிடையாது. ஆண்டின் முதல் ஒலி மனிதத் தொண்டையிலிருந்து வர வேண்டும் என்பது வழக்கம். நான் முன்னால் வந்து 'மி' கொடுப்பேன், ஆசிரியர்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் பத்தியில் பியானோ சேரும். சேர்ந்து பொருந்தும் அந்தக் கணத்துக்காகவே பழைய மாணவர்கள் வருவார்கள். என் காதை நம்பிக் கொடுத்தால் அந்த இடத்தில் பியானோவும் நாங்களும் அரைச்சுரம் விலகி மோதுவோம், முந்நூறு பேர் முன்னால்.

அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். 'ஃபா' என்று நினைத்துக் கொடுத்தால் 'மி' வந்துவிடும்.

மார்ச் 29, வெள்ளி

மியாகோவுக்குப் போன் செய்தேன். ஹொனாமியின் அம்மா எடுத்தார். பின்னால் தண்ணீர் கொதிக்கும் இரைச்சலும் இயந்திரச் சத்தமும்.

"டீச்சரா? ஐயோ, சத்தமா பேசுங்க. வகாமே கடற்பாசி அவிக்கிற சீசன். ஊர்ல யாருக்கும் நிக்க நேரமில்ல. ஹொனாமியும் இங்கதான் உப்புப் போட்டுட்டிருக்கா, முழங்கால் வரை பூட்ஸோட."

எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இருக்கா. பேசுவா, சாப்பிடுவா. பாட மட்டும் மாட்டா. இங்க பொம்பளைங்க வேலை பாத்துக்கிட்டே பாடுவோம், எல்லாம் கட்டைக் குரல். இவ வாயத் திறக்கல. எந்தச் சுரத்துல நிக்கறோம்னு தெரியாதவ பாடக் கூடாதாம். தேர்வு முடிஞ்சு வந்த அன்னைக்கு, 'அம்மா, நான் சரியாத்தான் பாடினேன்'னு சொன்னா. நாந்தான் திட்டினேன். அவங்க படிச்சவங்க, அவங்களுக்கா தெரியாது, தோத்தா தோத்தேன்னு ஒத்துக்கடின்னு. கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன். அதுலேர்ந்து அவ அதைப் பத்திப் பேசறதில்ல."

நான் என்ன சொன்னேன்? விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

"தோத்த பிள்ளையக் கூட ஞாபகம் வச்சுக் கூப்பிடறீங்களே. உங்கள மாதிரி யாரு இருக்கா" என்றார் அந்த அம்மா. இரண்டு தரம் நன்றி சொன்னார்.

சொல்லியிருக்கலாம். வாயில இருந்துச்சு. ஏன் சொல்லல? பயந்தேன், வேறென்ன. நாற்பத்தொன்பது வயசு, ஒரு போனுக்குப் பயம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஒத்திகை. 'ஃபா' என்று நினைத்தேன், 'மி' வந்தது. இரண்டாம் பத்தியில் பியானோ அழகாகப் பொருந்தியது. முதல்வர் தூரத்திலிருந்து லேசாகத் தலையசைத்தார். இவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம்.

பிறகு குசாகா-சான் பியானோ உறையை மடித்துக்கொண்டே கேட்டார். "மாத்திக் கணக்குப் போட்டீங்க இல்ல?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"குரல் வர்றதுக்கு முன்னாடி கண்ணை மேல உருட்டினீங்க. பையனுங்க கூட்டல் கணக்கு போடுவாங்களே, அந்த மாதிரி." உறையை என் கையில் ஒரு முனை கொடுத்தார், மடிக்க. "நாற்பது வருஷமா சுருதி கூட்டறேன். எனக்கு எந்தச் சுரமும் பேர் சொன்னதே இல்ல டீச்சர். ரெண்டு கம்பியோட சத்தம் உரசும்போது வர்ற அலையை எண்ணித்தான் வைக்கிறேன். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், எண்ணித்தான் வைக்கிறேன்னு. யாரும் வேலையை விட்டுத் தூக்கல."

ஏப்ரல் 4, வியாழன்

கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் சரியான சுரம்தானே வருகிறது, அது எப்படிப் பொய்யாகும் என்று மதியம் முழுக்க யோசித்தேன். குசாகா-சான் எண்ணுவதும் பொய்யில்லை. ஆனால் அவர் எண்ணுகிறேன் என்று சொல்கிறார்.

கல்லூரிக்கு நான்கு வரிக் கடிதம் எழுதினேன். வாகுயா ஹொனாமி சரியான சுருதியில் பாடினார். தவறு தேர்வாளரின் காதில். ஷிரோமிசுவின் இடத்தைத் தொடாமல் வாகுயாவுக்கு வழி செய்யக் கோருகிறேன். பதிவை வேறு இருவர் கேட்கட்டும்.

மூன்று வயதிலிருந்து என்னிடம் இருந்தது இந்தக் காது ஒன்றுதான். மேடையில் வாசிக்கும் துணிச்சல் கிடையாது, இசையமைக்கும் கற்பனை கிடையாது. மற்றவர்கள் சந்தேகப்படும்போது என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் என் தொழில்.

கடிதத்தைக் கொடுப்பேனா, பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்புவேனா?

ஏப்ரல் 5, வெள்ளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எட்டரைக்கு அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தேன். எழுத்தர் படிக்காமல் முத்திரை குத்திப் பதிவேட்டில் எண் போட்டார். என்னிடம் ஒரு பிரதி.

பத்து மணிக்கு விழா. என் முறை வந்ததும் முன்னால் போனேன். கண்ணை உருட்டவில்லை. பியானோ அருகே போய், இரண்டாம் பத்திக்காகக் கையை மடியில் வைத்துக் காத்திருந்த பெண்ணிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, 'மி' கட்டையை ஒரு விரலால் அழுத்தினேன். எனக்கு 'ஃபா' என்று கேட்டது. கேட்டதையே பாடினேன்.

பின்னால் ஆசிரியர் வரிசையில் ஒரு மூச்சு நேரம் யாரும் தொடங்கவில்லை. பிறகு தொடங்கினார்கள். பியானோ பொருந்தியது. பெற்றோர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, வழக்கமே இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். ஷிரோமிசு உறுதிமொழி வாசித்தான். அவன் அம்மா முதல் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நடைக்கூடத்தில் முதல்வர் பிடித்துக்கொண்டார். "என்ன மினொபே-சான் இது?"

"கேட்டுக்கிட்டேன். தெரியலன்னா கேட்டுக்கணும் இல்லையா."

பிரதியை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதை நான் வாங்கலன்னா?"

"காலையிலயே பதிவு பண்ணியாச்சு. நூற்றுப் பதினேழாம் எண்."

வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை தேர்வுக் குழு கூடுகிறது. என்னையும் அழைப்பார்களாம், உறுப்பினராக அல்ல. ஹொனாமிக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது உண்மை.

இரண்டு மணிக்கு மியாகோ. இந்தத் தடவை ஹொனாமியையே கூப்பிடச் சொன்னேன். ஈரக் கையோடு வந்திருப்பாள் போல, போன் வழுக்கிக் கீழே விழுந்து, எடுத்தாள். சொன்னேன். நீ எடுத்தது 'மி'. பதினாறு கட்டமும் சரி. தப்பு என் காதில். மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை குழு கூடுவதையும், நான் எதற்கும் உறுதி தர முடியாது என்பதையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "முதல்ல தெரியும். அப்புறம் தெரியல" என்றாள். "எங்கிட்ட சொல்ல வேணாம் டீச்சர். அம்மாகிட்ட சொல்லுங்க."

அம்மா வந்தார். "என்ன டீச்சர், மறுபடியும் விசாரிக்கவா?" என்று சிரித்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். உங்க பொண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னது நிஜம், நீங்க என்னை நம்பித் திட்டினீங்க, நான்தான் தப்பு.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஹொனாமி" என்று கூப்பிட்டது கேட்டது, போனுக்கு வெளியே. மறுபடியும் ஒரு தரம், இன்னும் தூரத்திலிருந்து. போனை மேசைமேல் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் வைக்கவில்லை. ஒன்பது நிமிடம் பாசி கொதிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு எந்தச் சுரப் பெயரும் இல்லை.

கடைசியில் வேறொரு பெண் எடுத்தாள். "ஹலோ? யாரு லைன்ல? இங்க யாரும் இல்லையே."

"ஹொனாமியோட அம்மா?"

"அம்மாவும் பொண்ணும் வெளிய போய் நிக்கறாங்க. வேலை நேரத்துல. கையெல்லாம் உப்பு, கண்ணைத் தொடைக்கவும் முடியாம ரெண்டு பேரும் அப்படியே நிக்கறாங்க. கூப்பிடவா?"

"வேண்டாம்" என்றேன். "நிக்கட்டும்."