முப்பது வருஷ அனுபவமுள்ள டீச்சர்

ஜூலை 8, செவ்வாய்

இந்த நோட்டு உன் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து அப்படியே மூடிவிடு. அம்மாவிடம் கொடுக்காதே. மீறிப் படித்தால் படி, ஆனால் வாயைத் திறக்காதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

அம்மா எங்கள் பள்ளியிலேயே கணக்கு டீச்சர். மர்சலின் மிஸ் என்றால் ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவு நடுங்கும். நான் 'பி'. ஜூன் மாதம் பிரின்ஸிபல் ஓர் உத்தரவு போட்டார்: ஆசிரியர்கள் வாரத்துக்கு மூன்று கட்டுரை படித்து, கற்றதை எழுதிக் காட்ட வேண்டும். "ஜொவிட்டா, இதெல்லாம் எங்கடி தேடுறது?" என்று அம்மா போனை நீட்டினாள். ஃபீட் ரீடர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தளங்களை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும், யார் புதிதாக எழுதினாலும் அதுவே கொண்டுவந்து காட்டும். பதினொரு தளம் சேர்த்தேன்.

பன்னிரண்டாவது என்னுடையது.

பெயர் 'கரும்பலகைக்கு இந்தப் பக்கம்'. எழுதுபவர் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். அப்படி ஒருவர் கிடையாது. நான்தான்.

'ஏ' பிரிவில் அம்மா மார்க்கைச் சத்தமாகப் படிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் எல்லாரும் என்னை முறைப்பார்கள். நான் சொன்னால், "நீ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?" என்பாள். அதனால் மார்க்கைச் சத்தமாகப் படிக்கக்கூடாது என்று அந்த டீச்சர் சொல்வதுபோல் எழுதினேன். இரண்டே நாளில் அம்மா நிறுத்திவிட்டாள்! நானும் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

போன வாரம், "அந்த மேடம் ஒண்ணும் எழுதலையே, உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்று அம்மா கவலைப்பட்டாள். புதிதாக எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்நேஹா சொன்னதை எழுதிவிட்டேன்.

ஸ்நேஹா 'ஏ' பிரிவு, என்னோடு வேனில் வருபவள். "மார்க் கம்மின்னு அப்பாக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்டி. டெஸ்ட் பேப்பர்ல அவர் கையெழுத்த நானே போட்டுண்டுடறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பெயரைப் போடவில்லை. ஆனால் அதோடு விட்டேனா? 'நான் அந்தப் பெண்ணின் தந்தையை அழைத்துச் சொன்னேன். வீட்டில் கோபம், அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் தலையிடவில்லை. திரும்பி வந்தவள் வகுப்பில் முதலாவதாக வந்தாள்' என்று முடித்தேன். நிஜம் போல இருக்கட்டும் என்று.

இன்று சாயங்காலம் அம்மா 'ஏ' பிரிவு டெஸ்ட் பேப்பர்களைக் கட்டில் முழுக்கப் பரப்பி, கையெழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

கண்டுபிடித்துவிட்டாள். ஸ்நேஹாவின் அப்பா வெங்கடரமணன் சாரை வரவழைத்து எல்லாவற்றையும் காட்டியிருக்கிறாள். "மேடம் எழுதினது அப்படியே நம்ம கிளாஸ்ல நடந்திருக்கு பாரு! எத்தனை நாளா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கா" என்றாள். தட்டில் மீன் அப்படியே இருந்தது. வயிறு வலிக்கிறது என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்நேஹா வேனில் ஏறவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்றும் வரவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் அந்தப் பதிவை அழித்தேன். நான்கு முறை தளத்தைத் திறந்து பார்த்தேன், இல்லை. நிம்மதியாக இருந்தது, ஒரு மணி நேரம். பிறகு ஹாலில் அம்மா அதையே அப்பாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், வரிக்கு வரி! தளத்தில் அழித்தால் தளத்தில்தான் போகுமாம். ஃபீட் ரீடருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்தது அங்கேயே இருக்குமாம். அதைப் போட்டுக் கொடுத்த எனக்கே தெரியாது.

ஜூலை 16, புதன்

டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு மந்தைவெளியில் ஸ்நேஹாவின் ஃப்ளாட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் வெள்ளைச்சாமி கேட்டைத் திறக்கவில்லை. "அந்தப் பொண்ணு மேலதான் கீது. யாரையும் வுடாதன்னு சார் சொல்லிக்கினு போனாரு. எனக்கு இன்னாத்துக்குமா வம்பு?"

பின்பக்கம் போய்க் கூப்பிட்டேன். முதல் மாடி ஜன்னலுக்கு வந்தாள்.

"லாங் சைஸ் நோட்டு முழுக்க அவர் கையெழுத்தையே போடச் சொல்றார்டி. மூணு நோட்டு ஆயிடுத்து. விரல் மடங்க மாட்டேங்கறது."

ஜன்னல் கம்பிக்கு வெளியே விரல்களை நீட்டிக் காட்டினாள்.

"உங்கம்மாக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ சொன்னியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். திரும்பி வரும்போது தெரு முழுக்க என்னையே பார்த்ததுபோல் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

வெங்கடரமணன் சார் டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கள் காலை வாங்கிக்கொள்வாராம். நாமக்கல் பக்கம் ஏதோ ஹாஸ்டல் பள்ளி. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வீட்டு ஆட்களைப் பார்க்கலாமாம்.

"அம்மா, நீ போய் அவர்கிட்ட பேசேன்."

"மேடம் என்ன எழுதியிருக்காங்க? நடுவுல போய்த் தலையிடக்கூடாது. கோவம் தானா அடங்கும்."

நான் எழுதியதையே எனக்குச் சொல்கிறாள்! சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா இனி என் முகத்தில் விழிப்பாளா? பிரின்ஸிபலுக்குத் தெரிந்தால்? அம்மாவின் வேலை?

டீச்சர் பெயரிலேயே 'உடனே போய்ப் பேசுங்கள்' என்று ஒரு பதிவு எழுதினேன். போடவில்லை. இல்லாத ஒருத்தி சொன்னதைக் கேட்டுத்தானே இவ்வளவும் நடந்தது.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததிலிருந்து அம்மா போனில் ஏதோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். மதியம், தளத்தில் நான் டீச்சர் பெயரில் போட்டிருந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது.

'மதிப்பிற்குரிய மேடம், நீங்கள் எழுதியபடியே செய்தேன். பத்து நாளாகிவிட்டது, அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. நாளை டி.சி. வாங்குகிறார்கள். உங்கள் மாணவி எத்தனையாவது நாள் திரும்பி வந்தாள்? எனக்கும் இதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் தவறு செய்துவிட்டேனா? தயவுசெய்து இன்றே பதில் போடுங்கள். மர்சலின்.'

எத்தனையாவது நாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி ஆனது, ஐந்து ஆனது. ஏழே முக்காலுக்கு அனுப்பினேன்.

'அம்மா, அந்த மாணவி திரும்பி வரவே இல்லை. அப்படி ஒருத்தி கிடையாது, டீச்சரும் கிடையாது. ஸ்நேஹா என்னை நம்பிச் சொன்னதை நான்தான் எழுதினேன். முடிவை நானே கற்பனையாகக் கட்டினேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் இன்றைக்கே அவள் அப்பாவிடம் பேசு. ஜொவிட்டா.'

ஹாலில் அம்மாவின் போன் ஒலித்தது. டி.வி. நின்றது. கதவில் காதை வைத்துக் கேட்டேன். இப்போது யாரிடமோ பேசுகிறாள்.

"சார், மர்சலின் மிஸ் பேசுறேன்... இல்ல சார், தப்பு எங்க பக்கம்... நேர்லயே வந்து சொல்றேன். இல்ல, தனியா இல்ல. என் பொண்ணையும் கூட்டிட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் இந்தப் பக்கம்தான் வருகிறது. அம்மா என் கதவை ஒருநாளும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருவாள். தட்டுகிறாள். ஸ்நேஹா முகத்தை நான் எப்படி