பஞ்சி என்று சொல்லிவிட்டேன்

மே 4
குளித்தேன். பிறகு ஈரத் தலையோடு அரை மணித்தியாலம் கட்டிலில் கிடந்தேன். இன்றைய வேலை அவ்வளவுதான்.

மே 7
கொரோனா சுகமாகி எட்டு மாதம். இரத்தம், எக்ஸ்றே எல்லாம் நல்லாய்த்தான் இருக்கிறதாம். அப்போ ஏன் இரண்டு படி ஏற நெஞ்சு இப்படி அடிக்கிறது? மருத்துவ லீவு யூன் மாதத்தோடு முடிகிறது. அதற்குள் தேறாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் நின்றே படிப்பித்தவள். கதிரையில் இருந்து படிப்பிக்கிற ரீச்சர்மாரை நக்கலடித்தவளும் நான்தான்.

மே 12
கிளினிக். டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். என்ன செய்கிறது என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஒரே பஞ்சியாய்க் கிடக்கு."
எங்களுக்குச் சோம்பலும் பஞ்சிதான், உடம்பு ஏலாமல் கிடப்பதும் பஞ்சிதான். டொக்டருக்கு மொழிபெயர்த்தவர் சோம்பலை எடுத்துக்கொண்டார். சோம்பேறி என்பதற்குச் சிங்களத்தில் 'கம்மலி' என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. மறுத்துச் சொல்ல மூச்சு வரவில்லை. தினமும் வேகமாக நடக்கும்படி டொக்டர் எழுதித் தந்தார்.

மே 15
நடந்தேன், வாய்க்கால் கட்டு வரை. திரும்பி வர முடியவில்லை. என் மனிசன் ஜனகன் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றினார்.

மே 18
மூன்று நாளாய்ப் படுக்கை. ஜனகன் சோற்றை வைத்துவிட்டு, டொக்டரே நடக்கச் சொல்லியிருக்கிறார், நீர் கொஞ்சம் மனசு வைக்கவேண்டும் என்றார். மனசு — அது ஓடிக்கொண்டுதானே இருக்கு, உடம்பெல்லோ வருதில்லை. கட்டின மனிசனுக்கே விளங்காட்டி ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?

மே 19
ஒன்றுமில்லை.

யூன் 2
கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா ஒரு அக்கா. பெயர் யூலிற்றா, முல்லைத்தீவுக் கரை ஆள், பரந்தன் சந்தியில் மீன் விற்கிறா. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டா:
"தங்கச்சி, குளிச்சாப் பிறகு படுக்கோணும் போலயோ?"
கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி.
கொரோனாவுக்குப் பிறகு அவாவுக்கும் இதே வருத்தம்தானாம். மணமும் தெரியாதாம். வாங்க வருகிறவர்களிடமே மீனைக் கொடுத்து, மணந்து பாருங்கோ என்கிறாவாம். வியாபாரம் கூடித்தான் இருக்கிறதாம். இரண்டு பேரும் சிரித்து, இரண்டு பேருக்கும் மூச்சு இளைத்துவிட்டது.
உள்ளே அவாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பவரைப் பார்த்து அவா சொன்னா: "பஞ்சி எண்டு சொல்லாதேங்கோ தம்பி. இவவுக்கு வேலை செய்ய ஆசை. செய்தால் அடுத்த நாள் விழுந்து போறா."
டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். நிறையக் கேட்டார். நடையை வெட்டிவிட்டார். களைக்க முதலே ஓய்ந்து இருந்துவிட வேண்டும், களைத்த பிறகு இல்லை என்றார்.

யூன் 9
யூலிற்றா அக்கா வீட்டில் இதே வருத்தக்காரர் ஐந்து பேர் கூடினோம். பாயை விரித்துப் படுத்துக்கொண்டே கதைத்தோம். அக்காவின் சட்டம்: குளிக்கிற நாள் சமையல் இல்லை, சமைக்கிற நாள் குளிப்பு இல்லை. ஏற்றிப்போக வந்த ஜனகன் வாசலில் நின்று எல்லாம் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய் அரிசி கழுவினார். சோறு குழைந்துபோனது. சந்தோசமாகச் சாப்பிட்டேன்.

யூன் 21
டொக்டரின் கடிதத்தோடு பள்ளிக்கூட அதிபர் கதிர்காமநாதனிடம் போனேன். இரண்டு பாடம் எடுக்கிறேன், பிறகு படுக்கவேண்டும், பிறகு இன்னும் ஒரு பாடம் எடுக்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் படுக்கிறதோ என்று கேட்டார். ஓம் என்றேன். பார்ப்பம் என்றார். அதிபருடைய 'பார்ப்பம்' என்றால் நடக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பயமாக இருக்கிறது.

யூலை 3
லீவு முடிந்து முதல் நாள், மூன்று பாடம்தான் போட்டிருந்தார்கள். கதிரையில் இருந்தபடியே படிப்பித்தேன். பிள்ளைகள் கொப்பியோடு என்னிடம் வந்தார்கள். இரண்டு பாடம் முடிய, ஆசிரியர் அறை வாங்கில் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதிபர் உள்ளே வந்தார். பதறி எழும்பப் பார்த்தேன்.
"படுங்கோ ரீச்சர். நேரத்துக்கு நான் வந்து எழுப்பிறன்."
யன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.
நித்திரையே வந்துவிட்டது. சொன்னபடி அவரே வந்து எழுப்பினார். ஆறாம் பாடத்துக்குப் போனேன்.