முள் நசுக்கிய தூண்டில்

உயிர் மச்சான்,

இல்லடா, பொன்னேரி காலேஜுக்கு நான் திரும்பப் போகவில்லை. அதை விடு. இப்போது பூச்சி கட்டுகிறேன். சிரிக்காதே. மலை ஆறுகளில் டிரவுட் மீன் பிடிக்க, தண்ணீருக்குள் வாழும் குட்டிப் பூச்சி மாதிரியே தூண்டிலில் நூல் சுற்றுவார்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நம் ஏரியில் டிரவுட் ஏது? அதனால் கொடுவா மீனுக்கு இறால் குஞ்சு மாதிரி கட்டுகிறேன். எரிந்துபோன ஃபேனின் செம்புக் கம்பி, உன் சேவலின் கழுத்து இறகு. சேவல் நன்றாகத்தான் இருக்கிறது, என்னைக் கண்டால் மட்டும் ஓடுகிறது.

உன் நைனாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்து இழுப்பில் நீ மூழ்கிப்போனதிலிருந்து மாமா படகில் ஏறவில்லை. உன்னைக் கொண்டுபோன தண்ணீரின் மீன் நம் வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். தெருவில் போகிற ஆட்டையெல்லாம் திட்டிக்கொண்டு வாசலிலேயே இருக்கிறார். இப்படியே போனால் அவரும் மிஞ்சமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது மச்சான்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் தூண்டில் போட வந்தார். மீனைப் பிடித்து, பார்த்து, உயிரோடு தண்ணீரிலேயே விடுகிறவர். ஆழமில்லாத இடத்தில் சத்தமில்லாமல் கழி ஊன்றிப் படகு தள்ள ஆள் வேண்டுமாம். மாமாவை விட்டால் யார்? போய்க் கேட்டேன்.

"வுட்றதுக்கு இன்னாத்துக்குடா புடிக்கிறான்?"

"தெர்ல மாமா. துட்டு கீது, பைத்தியமும் கீது."

"வாய் கிழிஞ்சா அது செத்துரும்டா."

அவர் முன்னாலேயே உட்கார்ந்து, மீன் கழன்றுவிடாமல் மாட்டிக்கொள்கிற அந்தச் சின்ன எதிர்முள்ளை கட்டிங் பிளேயரால் நசுக்கினேன். மாமா தூண்டிலை வாங்கினார். தன் கட்டைவிரலில் குத்தினார். இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

"மத்ததயும் நசுக்கு" என்றார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? மீனை விட்டுவிடுகிற தூண்டிலைக் கட்டுகிறவன் நம் ஊர்க்காரனா என்றா?

இன்று அந்தச் சென்னைக்காரர் மறுபடி வருகிறார். காலையிலேயே கழியை எடுத்துக்கொண்டு மாமாவே கரைக்கு வந்துவிட்டார். உன் அம்மா தடுக்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்று சொல்கிறேன் மச்சான். அவராகக் கேட்கிறவரை படகு முகத்துவாரம் பக்கம் திரும்பாது. ஒரு மீன்கூட கூடைக்குப் போகாது. பார்த்துக்கொள்கிறேன்.

"டேய், வர்றியா, இல்ல நான் போவட்டா?"

கூப்பிடுகிறார். நான் போகணும்.

உன் அத்தை மகன்