வாய் பார்க்கிறவள்

1934 மே 6

இன்று என் காதுக்குள் ஆட்டு மூத்திரம். பாகூர்ச் சந்தையில் யாரோ சொன்ன வைத்தியமாம். கறுப்பு வெள்ளாடாக இருக்கவேண்டும், தலைச்சன் குட்டியாக இருக்கவேண்டும் என்று மாமியார் பவுனம்மாள் ஊரெல்லாம் தேடிக் கொண்டுவந்தாள். காது கேளாமல் போன இந்த ஆறு வருஷத்தில் என் காதுக்குள் போகாதது ஒன்றும் பாக்கியில்லை. பூண்டெண்ணெய், எருக்கிலைச் சாறு, பக்கத்து வீட்டுக்காரியின் தாய்ப்பால்.

புதுச்சேரி ஆஸ்பத்திரித் துரை நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு பார்த்தார். விஷ ஜுரத்தில் உள்நரம்பு செத்துப்போயிற்று, இனிமேல் எதையும் ஊற்றாதீர்கள் என்று காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தில் மாமியார் மஞ்சள்பொடி மடித்து வைத்தாள்.

காது வலிக்கிறது. சீழ் வரும். வந்தால், கெட்டது வெளியே வருகிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

மே 9

சீழ் வந்தது. சந்தோஷப்பட்டார்கள்.

மே 20

இந்த வீட்டில் என்னோடு பேசுவதென்றால் காதோரம் வாயை வைத்துக் கத்துவது. என் கணவர், மாமனார், ஓரகத்தி அம்சவள்ளி எல்லோருக்கும் இதே பழக்கம். எனக்குக் கிடைப்பது வெற்றிலை எச்சில்தான். எதிரே நின்று மெதுவாகச் சொன்னால் புரிந்துவிடும். உதடுகளைப் பார்த்துப் பார்த்து நான்கு வருஷமாகப் பழகிக்கொண்டேன். வில்லியனூர்க் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோது இவ்வளவு சிரத்தை எனக்கு இருந்ததில்லை.

இது யாருக்கும் தெரியாது. சொல்லவும் மாட்டேன். இப்போது மாட்டின் எதிரே பேசுவதுபோல என் எதிரே எல்லாவற்றையும் பேசுகிறார்கள். தெரிந்தால் வாயை மூடிக்கொள்வார்கள், எனக்கு வெளியுலகம் அத்தோடு தீர்ந்தது. நான் வாய் திறந்தால் குரல் கத்தலாக வருகிறதாம், தெருவே சிரிக்கிறது. அதனால் பேசுவதில்லை, இந்த நோட்டில் எழுதுகிறேன்.

படிக்க முடியாத வாய் ஒன்று உண்டு. இவருடையது, என் கணவருடையது. பண்டசோழநல்லூர் வரைக்கும் தணிகைவேல் என்றால் மீசைதான் பேர். அது உதட்டை முழுக்க மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஏதோ அசைகிறது, அவ்வளவே.

ஜூன் 11

மாமியார் என் எதிரிலேயே இவரிடம் சொன்னாள்: "இந்தச் செவிட்ட அவுங்கப்பன் வூட்டுக்கு அனுப்பிட்டு வேற ஒண்ணு பாக்கலாம்டா. கொழந்தையும் இல்ல, காதும் இல்ல. இன்னாத்துக்கு வச்சிகினு?"

இவர் பதில் சொன்னார். நீளமான பதில். மீசை ஆடிற்று. ஒரு சொல்கூடத் தெரியவில்லை. நான் முறத்தைப் புடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 12

ஆமென்றாரா? வேண்டாமென்றாரா?

கேட்டால் எனக்குத் தெரியும் என்பது தெரிந்துபோகும். கேட்கவில்லை.

ஜூலை 2

மாமனார் ஆதிமூலம் தன் சிநேகிதரிடம், என்னிடம் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே: "முத்துசாமி மொறையில ஏரித் தண்ணிய நம்ம கரும்புக்குத் திருப்பிவுட்டேன். அவனுக்கு இன்னும் தெரியாது." ஊருக்கு நியாயம் சொல்கிற மனிதர்!

ஜூலை 14

பாகூரில் பிரெஞ்சுக்காரர் விழா. கொம்யூன் பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் கொடி, மிட்டாய், வேட்டு. எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம்.

முதல் வேட்டு என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. மரத்திலிருந்த காக்காய் எல்லாம் எழும்பின. குழந்தைகள் வாய் பிளந்து அலறின. அம்சவள்ளியின் பெண் அமுதம் மட்டும் வேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாய் இடுப்பில் மிட்டாய் நக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. இரண்டாவது வேட்டு, மூன்றாவது. அழுகிற பிள்ளைகளை ஆச்சரியமாகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடா, சொல்தா பொண்ணு! பீரங்கிக்கே பயப்படல!" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னார். அவள் அப்பன், என் கொழுந்தன் சிங்காரவேலு, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் பெண்ணும் வீராங்கனையாகிவிட்டாள்.

நான்காவது வேட்டின்போது அவள் கண்ணை மட்டும் பார்த்தேன், இமைகூட அசையவில்லை.

ஜூலை 17

கிணற்றடியில் யாரோ அம்சவள்ளியிடம் கேட்டுவிட்டார்களாம், பிள்ளைக்குக் காது கேட்குமா என்று. உடனே வீட்டில் சோதனை. குழந்தைக்குப் பின்னால் நின்று மாமியார் தாம்பாளத்தைத் தட்டினாள். குழந்தை திரும்பிற்று. "தோ, திரும்பிட்டா!" தீர்ந்தது விசாரணை.

முட்டாள்கள். எதிரே நின்ற எல்லோரும் தாம்பாளத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பக்கம் குழந்தையும் பார்த்தது. ஆறு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

ஆகஸ்டு 3

சைகோனிலிருந்து கடிதம். கொழுந்தன் தை மாதம் வருகிறானாம். ஆறு மாதக் குழந்தையாக விட்டுப்போன மகள் அப்பா என்று கூப்பிடக் கேட்கவேண்டுமாம்.

வீட்டில் ஒரே பரபரப்பு. பேச்சு வரட்டும் என்று இதுவரை நாக்கில் வசம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மாமியார் கண்டுபிடித்துவிட்டாள்: "நாக்கு அடியில ஒட்டிகினு கீது. அறுத்துவுட்டா கடகடன்னு பேசும்." ஆடி போனதும் நாவிதன் பக்கிரியை வரச்சொல்லி அறுப்பதாக முடிவு. குழந்தை பேசவில்லையென்றால் நாக்கு. பேச்சு எந்த வழியாக உள்ளே போகிறது என்று யோசிக்க இந்த வீட்டில் ஒரு தலை இல்லை.

ஆகஸ்டு 5

அமுதத்தின் மோவாயில் ஒரு துளி வெல்லப்பாகு தடவினேன். நாக்கை நீட்டி, மோவாய் வரை நக்கி எடுத்தாள். ஒட்டியிருக்கிற நாக்காம்!

ஒரு மாதமாக என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்து, வா என்றால் வருகிறாள். குடு என்றால் கையில் இருப்பதைத் தருகிறாள். பூ என்றால் செம்பருத்தியிடம் ஓடுகிறாள்.

ஆகஸ்டு 10

வாய் திறந்தேன். "அத்தே, நாக்குல ஒண்ணும் இல்ல. காதுதான்."

மாமியார் சிரித்தாள். பிறகு அம்சவள்ளியிடம், "செவிட்டுக்கு ஊரே செவிடாத் தெரியுது, பாருடி." அம்சவள்ளி சிரிக்கவில்லை. குனிந்துகொண்டாள்.

ஆகஸ்டு 14

அம்சவள்ளியும் நானும் விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். எதிரெதிரே. வேறு யாரும் இல்லை. அவள் என்னைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள், சுவரோடு பேசுவதுபோல.

"யக்கா, ஒனக்குக் கேக்காது, அதான் சொல்றேன். எனக்குத் தெரியும். தொட்டில்ல கெடக்கறப்பவே தெரியும், கூப்டா திரும்பல. நாக்குன்னா அறுத்தாச் சரியாப்பூடும்னு சொல்லிக்கலாம். காதுன்னா என் வவுத்தச் சொல்லுவாங்க, எங்க ரத்தத்தச் சொல்லுவாங்க. அவுரு சைகோன்லயே ஒருத்திய வச்சிகினு பூடுவாரு. ஒன்ன அனுப்பணும்ன்றாங்களே, அந்த மாதிரி என்னியும் அனுப்புவாங்க."

அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, உரித்த மல்லாட்டை ஒரு பிடி என்னிடம் நீட்டினாள்.

தெரிந்தே பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கப் போகிறாள். கோழை! காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? எல்லாம் தெரிந்தும் கல்லுப்போல முகத்தை வைத்துக்கொண்டு அந்த மல்லாட்டையைத் தின்றேன்.

ஆகஸ்டு 21

நாளைக்குப் பக்கிரி வருகிறான். எனக்குக் காது இல்லாத இடத்தில் நான்கு வருஷமாக ஒளித்து வைத்திருந்த வாய் பார்க்கும் வித்தையை நாளைக்குக் கொடுத்துவிட வேண்டும். வேறு வழி இருக்கிறதா? தெரியவில்லை.

ஆகஸ்டு 22

பக்கிரி காலையிலேயே வந்தான். ஊருக்கெல்லாம் சவரம் செய்கிற அதே கத்தி. தீட்டிக்கொண்டே, "எறும்பு கடிச்சாப்பல இருக்கும் எஜமான், அவ்ளோதான்" என்றான். மாமியார் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மாமனார் நாற்காலியில். இவர் வாசற்படியில். அம்சவள்ளி சுவரோரம், நிலத்தைப் பார்த்தபடி.

நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கிரிக்கும் குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். படித்தேன். என் குரல் எப்படி இருந்ததோ, தெருமுனை வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"ஜூன் பதினொன்று. 'இந்தச் செவிட்ட அவுங்கப்பன் வூட்டுக்கு அனுப்பிட்டு வேற ஒண்ணு பாக்கலாம்டா.'"

மாமியாரின் பிடி தளர்ந்தது.

"ஜூலை இரண்டு. 'முத்துசாமி மொறையில ஏரித் தண்ணிய நம்ம கரும்புக்குத் திருப்பிவுட்டேன்.'"

மாமனார் எழுந்து நின்றுவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, பக்கிரியைப் பார்த்தார். பக்கிரி காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் முத்துசாமி வீட்டுக்குப் போய்விடும். அவருக்கு அந்தக் கவலை.

"ஒரு வார்த்தையும் என் காதில் விழல. எல்லாம் உங்க உதட்டுல பாத்தேன். காது போனா எப்படி இருக்கும்னு இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பிள்ளைக்கும் அதுதான்."

பக்கத்தைத் திருப்பினேன். ஆகஸ்டு பதினாலு. தலையைத் தூக்கினேன், அம்சவள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நோட்டை மூடினேன். அந்தப் பக்கம் அவளுடையது.

குழந்தையைப் பார்த்துக் குரலில்லாமல் வாயை அசைத்தேன். வா. மாமியார் மடியிலிருந்து வழுக்கி இறங்கி வந்தாள். குடு. கையிலிருந்த பொரியுருண்டையை என் கையில் வைத்தாள்.

"இன்னாடி சொன்ன? ஒண்ணும் கேக்கலியே!" என்றாள் மாமியார்.

"உங்களுக்குக் கேக்கல அத்தே. அவளுக்குத் தெரிஞ்சிது."

அதற்கும் பதில் வைத்திருந்தாள். "பழக்கினா நாயிகூடத்தான் வரும். நீ அறுடா பக்கிரி!"

பக்கிரி நகர்ந்தான். அதற்குள் அம்சவள்ளி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவள் உதடு நடுங்கிற்று, ஆனாலும் தெளிவாகப் படிக்க முடிந்தது. "வாணாம். நாக்கு இல்ல, காதுதான். எனக்கு முன்னமே தெரியும்."

பக்கிரி கத்தியை மடக்கினான். அறுக்காததற்கும் ஒரு படி நெல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 9

நினைத்ததுதான். நான் வந்தால் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். மாமனார் துண்டால். தெருப் பெண்கள் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். "வாய் பாக்கறவ வந்துட்டா" என்பதைமட்டும் மூடாமல் சொல்கிறார்கள், நான் தெரிந்துகொள்ளட்டும் என்று. ஆறு வருஷமாகக் காதுக்குள் கண்டதையும் ஊற்றிய ஜனங்களுக்கு, கண் இருப்பது தப்பாகப் போயிற்று.

பதினெட்டு நாளாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இப்போதுதான் நிஜமாகச் செவிடானேன்.

செப்டம்பர் 30

இவர் கூடத்தில் ஏதோ என்னிடம் சொன்னார். இந்தமுறை காதில் கத்தவில்லை, எதிரே நின்றுதான் சொன்னார். மீசை ஆடிற்று. தலையாட்டி வைத்தேன்.

அக்டோபர் 12

மாமியார் எங்கோ போயிருந்தாள். அம்சவள்ளி வந்தாள், முந்தானை வாயில். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் தோளைத் தொட்டாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையை எடுத்தாள்.

"யக்கா, அந்தப் பக்கத்த ஏன் படிக்கல?"

நோட்டை என் மடிக்குள் செருகிக்கொண்டேன். பிறகு அவள், "அமுதத்துக்கு அப்பான்னு சொல்லித் தருவியா? வாயாலதான், சத்தம் இல்லாட்டியும் போவுது" என்றாள்.

1935 ஜனவரி 21

கொழுந்தன் வந்துவிட்டான். அம்சவள்ளி அவனிடம் எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டாள். நான் அவளைக் கோழை என்று எழுதியிருக்கிறேன். அது அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். இதையும் எழுதிவைக்கிறேன்.

அவன் கத்தவில்லை. அவளை அனுப்பிவிடுவான் என்று மாமியார் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை. ஆனால் குழந்தை அவனிடம் போகமாட்டேன் என்கிறது. பட்டாளத்து மீசை, இவருடையதைவிட ஒரு விரல் அகலம். அவன் பேசப்பேச அவள் அந்த மீசையையே பார்க்கிறாள், பிறகு பயந்து அம்சவள்ளி முந்தானைக்குள் போகிறாள்.

ஜனவரி 26

சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் சொன்னேன், என் கத்தல் குரலில், எல்லோர் எதிரிலும். "தம்பி, மீசைக்கு உள்ள இருக்கிற வாய் எங்களுக்குத் தெரியாது. நீ என்ன சொல்றேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கை சோற்றில் அப்படியே நின்றது. இவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 27

பக்கிரி வந்தான். அதே கத்தி. கொழுந்தன் முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து மோவாயை நீட்டினான்.

மாமனார் ஓடிவந்தார். ஆத்திரத்தில் துண்டால் வாயை மூட மறந்துவிட்டார், நன்றாகப் படித்தேன். "டேய், அப்பன் செத்தாதாண்டா மீசைய எடுப்பாங்க! நான் உசுரோடதான கீறேன்!" கொழுந்தன் அசையவில்லை. மீசை போனதும் மேலுதடு வெளுத்து, சின்னப் பையனுடையதுபோல இருந்தது. மகளைப் பார்த்து மெதுவாக வாயை அசைத்தான். அமுதம் கிட்டே போய், விரலால் அந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்து அதேபோல மூடிக் காட்டினாள். அப்பா. சத்தம் வந்ததா? எனக்கு எப்படித் தெரியும்? அம்சவள்ளி அழுததைப் பார்த்தேன்.

பக்கிரி கத்தியைத் துடைத்து மடக்கப் போனான். அப்போது இவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

மாமனார் தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்குப் போனார். "ரெண்டு பேரும் என்ன உசுரோடவே கொளுத்திட்டானுங்க!"

இவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். கல்யாணத்தன்று, அவருக்குப் பதினேழு வயதில், மீசையில்லாமல் பார்த்த உதடு. ஜூன் பதினொன்றாம் தேதி பதிலை இப்போதே கேட்கலாம். நான் கேட்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் தெரிந்துகொண்ட முதல் வார்த்தை:

"அரிக்குது."